இழுக்காமல் அளந்த வலை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் நான் செய்யப்போகும் தப்புகளுக்குக் கொஞ்சம் சலுகை கிடைக்குமே என்று ஒரு நப்பாசை.

திருப்பூர் பக்கம் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. அதில் சாம்பிள் செக்‌ஷன். அங்கே நாலாவது மிஷினில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர் சாரதாமணி. புது டிசைன் எது வந்தாலும் முதல் உருப்படியை அவர்தான் தைப்பார். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரன் அதைத் தொட்டுப் பார்த்து, திருப்பிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மற்ற இருநூறு மிஷின்களும் ஓடும். நானும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். என்ன வேலை என்பது கதைக்கு முக்கியமில்லை. எப்போதாவது எழுதுவேன், இரண்டு கதைகள் அச்சாகியிருக்கின்றன, அது சாரதாமணிக்குத் தெரியும். அதனால்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, காலை டீ டைமில், கையில் கிளாஸோடு என்னிடம் வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, ஒண்ணு சொல்லோணுமுங்க. ஆருகிட்டயும் சொல்லிப்போட மாட்டீங்களே?"

மாட்டேன் என்றேன். எழுதுகிறவன் கொடுத்த வாக்கு அது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத் தேதி மூன்று. பன்னிரண்டுக்குள் முடித்தாக வேண்டும். ஏன் பன்னிரண்டு என்று சொல்வதற்குக் கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் எங்கிருந்தாவது ஆரம்பித்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: [நொய்யல் ஆறு ஒரு காலத்தில்—]

அழித்துவிட்டேன். திருப்பூரைப் பற்றி எழுதுகிறவன் சாயத் தண்ணீரில் கால் வைக்காமல் உள்ளே வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? தவிர, இந்தக் கதையில் வரும் தண்ணீர் சுத்தமான தண்ணீர். அவ்வளவு சுத்தம், அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம்.

இரண்டாவது தொடக்கம்: [இறால் மலை ஏறும் என்று யாராவது சொல்லியிருந்தால் சாரதாமணி சிரித்திருப்பார்.]

இது பரவாயில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லையே. கூடப் பிறந்த தம்பி அதைச் சொன்னபோது, "ஏறட்டும் கண்ணு, அதுக்கென்ன, கால்தான் அத்தன இருக்குதே" என்றாராம். இதைவிட நல்ல வாக்கியம் எனக்கு வராது என்பதால் அந்தத் தொடக்கத்தையும் விட்டேன்.

மூன்றாவது: [அந்த வீடியோ வந்தபோது சாரதாமணி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.]

இதுதான் சரி. ஆனால் இதற்கு முன்னால் ஒரு வருடத்தைச் சொல்லியாக வேண்டும். தோசைக்கல் கொஞ்ச நேரம் காயட்டும்.

(இடையில் ஒரு விஷயம். பெயரை மாற்றிவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "மாத்தாதீங்க தம்பி. மாத்துனா வேற ஆரோ பண்ணுனாப்ல ஆயிப்போகும்" என்றார். அதனால் சாரதாமணி சாரதாமணியாகவே இருக்கிறார். இந்தப் பேச்சைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பின்னால் வலிக்கப்போகிறது.)

3

இளங்கோ, சாரதாமணியின் தம்பி. பதினான்கு வயது இளையவர். அந்தமான் பக்கம் ஒரு தீவில் ஓடைகளை ஆராய்ச்சி செய்கிறார். டாக்டர் பட்டத்துக்கு. கம்பெனியில் யாராவது கேட்டால், "எந்தம்பி ஓடையில பூச்சி எண்றானுங்க" என்பார் சாரதாமணி. கலெக்டர் என்பதைக்கூட அவ்வளவு பெருமையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பூச்சி மட்டும் இல்லை. கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தை, மணலைக் கோத்து வீடு கட்டிக்கொள்ளும் புழு, கண்ணாடிபோல உடம்புள்ள சின்ன இறால். முதுகெலும்பே இல்லாத கூட்டம். தீவு ஓடை நம் ஆறு மாதிரி நீளமானதும் இல்லை. மலையில் பிறந்து ஒரு மணி நேர நடையில் கடலில் விழுந்துவிடும். அதனால் அதில் இருக்கும் பல உயிர்களுக்கு ஒரு கால் கடலில், ஒரு கால் ஓடையில். அந்த இறாலையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய் மேலே நல்ல தண்ணீரில் குஞ்சு விடும். குஞ்சுக்கு நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும். அங்கே உப்பில் கொஞ்ச நாள் வளர்ந்து, நூல் துணுக்கு அளவுக்கு ஆனதும், திரும்பி எதிர்நீச்சல் போட்டு, கல்லைப் பிடித்து, அருவியின் ஈரப் பாறையில் ஊர்ந்து, தாய் இருந்த இடத்துக்கு ஏறும். அந்த நேரத்தில் அதன் இடுப்பு ஒரு கசகசா அகலம்.

இளங்கோவின் ஓடையில் நடுவில் ஒரு தடுப்பணை. மார்பளவு உயரம். அதில் தேங்கும் தண்ணீரைக் குழாய் போட்டு நாற்பது வீடுகள் குடிக்கின்றன. அவருடைய கேள்வி எளிமையானது. குஞ்சுகள் அந்தத் தடுப்பைத் தாண்டி ஏறுகின்றனவா, இல்லையா?

கண்டுபிடிக்கும் முறையும் எளிமைதான். ஓடையில் வலைப் பையை நீரோட்டத்துக்கு எதிராக வாய் வைத்துப் பிடிப்பது, அதற்கு முன்னால் நின்று ஒரு நிமிடம் கல்லையெல்லாம் காலால் கிளறுவது, வலைக்குள் வந்ததை எண்ணுவது. தடுப்புக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். மேலே போடும் வலை மேலே மட்டும், கீழே போடும் வலை கீழே மட்டும். மாற்றிப் போட்டால் ஓரிடத்து உயிர் வலையில் ஒட்டிக்கொண்டு இன்னோரிடத்துக் கணக்கில் சேர்ந்துவிடும் என்று அதில் அவர் கறார். கவனமான ஆள். இந்தக் கதையில் எல்லாரும் கவனமானவர்கள்தான்.

ஒரு வருடம் எண்ணினார். கீழே ஒவ்வொரு தடவையும் இருபது, முப்பது, மழை முடிந்த மாதத்தில் அறுபது குஞ்சுகள். மேலே? பூஜ்யம். பன்னிரண்டு மாதமும் பூஜ்யம்.

வரும் பன்னிரண்டாம் தேதி அந்தத் தீவில் ஒரு கூட்டம். அதிகாரிகள் வருகிறார்கள். இளங்கோ தன் பூஜ்யத்தைக் காட்டிப் பேசுவார். தடுப்பை உடையுங்கள் என்பதுதான் அவர் சொல்லப்போவது.

4

போன ஆடியில், அந்த ஒரு வருட எண்ணிக்கை தொடங்கும் முன்பே, இளங்கோவின் பழைய வலைகள் இரண்டும் பாறையில் மாட்டிக் கிழிந்தன. கடையில் சொல்லி வாங்கினால் வந்து சேர இரண்டு மாதம். அக்கா தைத்தால் ஒரு நாள். அப்போது இளங்கோ ஊருக்கு வந்திருந்தார். வடிகட்டும் நைலான் துணி இரண்டு வலைக்கு அளவாக வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் சென்னை வண்டி, அதற்கடுத்த நாள் கப்பல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது நெய்த துணி. ஊடும் பாவுமாக இறுகி, அரை மில்லிமீட்டர் கண் உள்ளது. எப்படி இழுத்தாலும் கண் அப்படியே நிற்கும். சாரதாமணி மேனேஜரிடம் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் மேஜையில் விரித்தார். முதல் வலை முடிந்தது. இரண்டாவது வலைக்கு வெட்டினார். வெட்டியதும் மடிப்பை அமுக்க அயர்ன் பாக்ஸை வைத்தார்.

பனியன் துணிக்குப் பழகின கை. பருத்தி எவ்வளவு சூட்டையும் தாங்கும். நைலான் தாங்குமா? கை எடுக்கிற நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி உருகி ஓட்டையாகிவிட்டது.

மாற்றுத் துணி இல்லை. தம்பிக்குச் சாயங்காலம் வண்டி. சாரதாமணி ஃபேப்ரிக் ஸ்டோருக்கு ஓடினார். அங்கே பொறுப்பில் இருந்தவர் சுரேந்தர்.

[சுரேந்தர் மெலிந்த, மீசையில்லாத—]

[சுரேந்தர் எப்போதும் அவசரத்தில் இருக்கும்—]

இந்த சுரேந்தர் எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறார். முகம் கொடுத்தால் முகம் நிற்கவில்லை. பேச வைத்தால் பொய் மாதிரி இருக்கிறது. சரி, அவர் ஒன்றும் பேசவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கேட்டார், ரேக்கிலிருந்து ஒரு மீட்டர் வெள்ளைத் துணியை வெட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தத் துணிக்குப் பெயர் பவர்நெட். பெண்களின் உள்ளாடையில் இறுக்கத்துக்காக உள்பக்கம் வைக்கும் வலைத் துணி. பார்வைக்கு அந்த நைலானின் கூடப் பிறந்தது. ஒரே வெள்ளை, ஒரே சின்னச் சின்னக் கண். ஆனால் இது நெய்தது இல்லை, பின்னியது. ரப்பர் நூலும் கலந்தது.

சாரதாமணி கண்ணை மூடிக்கொண்டு தைத்துவிடவில்லை. மேஜையில் படுக்கப்போட்டு, கண்ணி எண்ணும் லென்ஸை வைத்து அளந்தார். அரை மில்லிமீட்டர். இன்னோரிடத்தில் அளந்தார். அதே அரை.

பனியன் தொழிலுக்கு வருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம், துணியை இழுத்து அளக்காதே என்பது. பின்னல் துணி இழுபடும் என்பதால், மேஜையில் தளர்வாக விரித்து, விரல்கூட அழுத்தாமல் அளக்க வேண்டும். அப்படித்தான் அவர் அளந்தார். பத்தொன்பது வருடம் கற்றதை ஒரு இம்மி பிசகாமல் செய்தார்.

ஓடை அப்படி அளக்காது.

இந்த இடத்தில் இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சாம்பிளில் சரியான துணி கிடைக்காமல் வேறு துணி போட்டுத் தைத்தால், உள்தையலில் நகக்கண் நீளத்துக்குச் சிவப்பு நூல் ஓட்டுவோம். இது மாற்றுத் துணி, இதை நம்பி மற்றதைத் தைக்காதீர்கள் என்பதற்கான அடையாளம். சாரதாமணியின் கை அன்றும் அதைச் செய்தது. இரண்டு வலைகளையும் மடித்துப் பையில் போட்டு, தம்பியிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வேனில் ஏறினார். வீட்டுக்குப் போனால் வண்டிக்கு நேரமாகிவிட்டது. சோறு கட்டிக் கொடுப்பதா, வலையைப் பற்றிப் பேசுவதா? சோறு கட்டினார். தீவுக்குப் போய் இறங்கியதும் இளங்கோ படம் அனுப்பினார். "அக்கா, வலை சூப்பர்." அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

5

இப்போது தோசைக்கல்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மங்கலத்தில் சாரதாமணியின் வீடு. வீட்டுக்காரர் அய்யாசாமி தறிக்காரர், இருபத்தைந்து வருடம் விசைத்தறி ஓட்டியவர். போன் அவர் கையில் இருந்தது. வீடியோ வந்தது. கூட்டத்தில் போட்டுக் காட்டுவதற்காக இளங்கோ எடுத்தது. தண்ணீர், கல், கிளறும் கால், வலை.

"இங்க பாரு, உன்ற வலைதான்" என்று அய்யாசாமி காட்டினார். பிறகு தலையைச் சாய்த்தார். "ஏம்புள்ள, நெசவுத் துணின்னுதான சொன்னே?"

"ஆமா, ஏன்?"

"நெசவுன்னா இப்படித் தொப்ப போடாதே."

சாரதாமணி திரும்பிப் பார்த்தார். ஓட்டத்தின் வேகத்தில் வலைப்பை பின்னால் உப்பி, அடிவயிறு சரிந்து தொங்கியது. கண்கள் ஒவ்வொன்றும் திறந்து கிடந்தன. தோசை கருகும் வாடை வந்தது. அய்யாசாமிதான் அடுப்பை அணைத்தார்.

அன்றைக்கே சோதித்துப் பார்த்தார். தைத்ததில் மிஞ்சின துண்டு வீட்டில் கிடந்தது. டம்ளர் வாயில் தளர்வாகப் போட்டு, மேலே கசகசாவைக் கொட்டினார். ஒன்றுகூட இறங்கவில்லை. நனைத்து, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து, குழாயைத் திறந்தார். கசகசா மொத்தமும் டம்ளருக்குள் போய்விட்டது.

நான் இதை எழுதும்போது [அந்த டம்ளரில் அவர் தன் தம்பியின் வாழ்க்கை மிதப்பதைக்—] என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்தேன். டம்ளரில் கசகசா இருந்தது. அது போதும் பயப்படுவதற்கு.

6

உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் நான் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், சொன்னால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

இரண்டு வலையில் ஒன்று சரி, ஒன்று தப்பு. தப்பான வலையில் இறால் குஞ்சுகள் பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும். அந்த வலை தடுப்புக்குக் கீழே இருந்திருந்தால், பெரிய கேடில்லை. எண்ணின இருபதும் முப்பதும் இலைச் சருகில் சிக்கி நின்ற மிச்சம், கீழே இன்னும் அதிகம் இருந்தன என்று ஆகும், மேலே பூஜ்யம் பூஜ்யம்தான், இளங்கோ சொல்வது சரி. தப்பான வலை மேலே இருந்திருந்தால், அந்தப் பூஜ்யம் ஓடையின் பூஜ்யம் இல்லை. பவர்நெட்டின் பூஜ்யம். குஞ்சுகள் பாட்டுக்குத் தடுப்பேறிப் போய்க்கொண்டிருக்கும், அவற்றுக்காக நாற்பது வீட்டுத் தண்ணீர்த் தடுப்பை உடைப்பார்கள்.

மங்கலத்தில் பத்து நாளைக்கொரு முறை தண்ணீர் விடும் தெருவில் குடியிருப்பவர் சாரதாமணி. நாற்பது வீடு என்றால் அவருக்கு எண் இல்லை, வரிசையில் நிற்கும் குடம். அவருடைய தூக்கம் போனதற்குத் தம்பி மட்டும் காரணமில்லை.

எந்த வலை எங்கே? இளங்கோவைத் தவிர யாருக்கும் தெரியாது. சிவப்பு நூல் இருப்பது சாரதாமணியைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டையும் ஒன்றாக வைக்க ஒரு போன் போதும்.

போட்டார். போன ஞாயிற்றுக்கிழமை, சிக்னல் கிடைக்கிற நேரம் பார்த்து. என்ன பேசினார்கள் என்பதை அவர் சொன்னபடியே தருகிறேன்.

"சாப்ட்டியா கண்ணு?"

"ஆச்சுக்கா. மாமா எப்படி இருக்காரு? வீடியோ பாத்தீங்களா?"

"பாத்தோம் சாமி. அந்த வீடியோல இருக்கறது மேல போடற வலையா, கீழ போடறதா?"

"ரெண்டு எடத்துலயும் எடுத்து ஒட்டுனதுக்கா. எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

"பன்னெண்டாந்தேதி பேசறன்கா. பயமா இருக்குது. அந்த ஊர்க்காரங்க என்ற மேல கோவமா இருக்காங்க. ஆனா நம்பர் இருக்குதல்ல? ஒரு வருசம் எண்ணியிருக்கறன். நம்பர் பொய் சொல்லாதுக்கா."

"... ஆமா கண்ணு."

"ஏன்கா ஒரு மாதிரி பேசறே? ஒடம்புக்கு முடியலயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. குளுருல நிக்காத தண்ணீல."

அப்புறம் இரண்டு தடவை போட்டார். ஒரு தடவை மழையைப் பற்றிப் பேசினார்கள். இன்னொரு தடவை கம்பெனியில் போட்ட புது ஃபேனைப் பற்றி.

7

முடிவுகள். ஒரு கதைக்கு மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: இளங்கோ வலையைத் திருப்பிப் பார்க்கிறார், சிவப்பு நூல் கீழ் வலையில் இருக்கிறது, அக்காவும் தம்பியும் போனில் அழுது சிரிக்கிறார்கள். எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் இது நானும் சாரதாமணியும் வேண்டிக்கொள்வது. வேண்டுதலைக் கதை என்று விற்க முடியாது.

இரண்டாவது முடிவு: சிவப்பு நூல் மேல் வலையில். இளங்கோ தன் வழிகாட்டிக்குப் போன் போட்டு, ஒரு வருடக் கணக்கையும் தள்ளிவிடுங்கள் என்கிறார். நாற்பது வீடு தப்பிக்கிறது. அக்காவிடம் அவர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. [இளங்கோ சொன்னார், "அக்கா—"] இதற்கு மேல் போகவில்லை. எத்தனை தடவை போனாலும் அந்தக் கோட்டில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூன்றாவது: சாரதாமணி கேட்கவே இல்லை. பன்னிரண்டாம் தேதி வருகிறது, கூட்டம் நடக்கிறது, தடுப்பு உடைகிறது. தீவில் இளங்கோவுக்குப் பட்டம். மங்கலத்தில் சாரதாமணி குடம் கழுவுகிறார். யாருக்கும் எதுவும் தெரியாது.

உண்மையைச் சொன்னால் மூன்றாவதைத்தான் நான்கு நாள் உட்கார்ந்து இழைத்தேன். பிரமாதமாக வந்தது. பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும், மௌனத்தில் முடிகிற கதை என்றால் அவர்களுக்கு ஒரு மரியாதை. ஆனால் பிரதி எடுத்துப் படித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த மௌனம் யாருக்கு வசதி? சாரதாமணிக்கா?

சந்தேகம் வந்ததும் பயம் வந்தது. அதைத்தான் அடுத்த பகுதியில் சொல்ல வேண்டும். நேற்று நடந்தது.

8

நேற்று ஆபீஸ் பிரிண்டரில் இதுவரை எழுதினதை எடுத்து சாரதாமணியிடம் கொடுத்தேன். மதியம் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். துணி பார்க்கிற மாதிரிதான் காகிதத்தையும் பார்த்தார், ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். எனக்குப் பரீட்சை எழுதியவன் நிலைமை.

நாலாவது பகுதியில் நிறுத்தினார். மறுபடி படித்தார்.

"ஏனுங் தம்பி, ஆருங்க இந்த சுரேந்தரு?"

"அது கதைக்காக ஒரு பேருங்கக்கா."

"உங்களுக்குத்தான் பேரு இருக்குதுங்களே."

நான் டிபன் பாக்ஸை மூடினேன். திறந்தேன். மூடினேன்.

"நான் என்ற பேர மாத்த வேண்டாம்னுதான சொன்னனுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அப்புறம் இவுரு ஒண்ணும் பேசலைன்னு எழுதியிருக்கறீங்க. பேசுனீங்கல்ல?"

பேசினேன்.

என் பெயர் தரணீதரன். இந்தக் கம்பெனியின் ஃபேப்ரிக் ஸ்டோர் என் பொறுப்பு. முதல் பகுதியில், என் வேலை கதைக்கு முக்கியமில்லை என்று எழுதினேன் பாருங்கள், அது பொய். கதை எழுதுகிறவன் என்பதற்காக அவர் என்னிடம் வந்து சொல்லவும் இல்லை. துணியைக் கொடுத்தவன் நான் என்பதற்காக வந்தார். நான்தான் அதைக் கதையாக்கி, கதைக்குள் ஒரு சுரேந்தரை உட்கார வைத்து, அவர் வாயையும் கட்டினேன்.

அன்று நடந்தது இது. துறைமுகத்துக்கு லோடு போக வேண்டிய நாள். வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. சாரதாமணி மூச்சு வாங்க வந்து, அரை மில்லிமீட்டர் கண் உள்ள வெள்ளைத் துணி கேட்டார். ரேக்கில் கைக்கு எட்டியதை வெட்டினேன். அவர் அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இது இழுக்குமுங்களே தம்பி."

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன், "தண்ணிக்குள்ள ஆருங்கக்கா இழுக்கப்போறா?"

அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவர் மேஜைக்குப் போனார். துணி விஷயத்தில் இந்தக் கம்பெனியில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தண்ணீர் இழுக்கும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அந்த நிமிடத்தில் லாரிதான் தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. மூன்றாவது முடிவு ஏன் அவ்வளவு அழகாக வந்தது என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"இத நானே சொல்லிப்போடறனுங்கக்கா உங்க தம்பிக்கு" என்றேன். "தப்பு என்மேலன்னு."

"உங்க மேல பாதி. அயர்ன் பாக்ஸ வெச்சது ஆரு? சொல்லாம இருந்தது ஆரு?" காகிதங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சமமாக்கினார். "மூணுவாட்டி போன் போட்டனுங்க. அவன் கொரலக் கேட்டா எனக்கு வாயே வரமாட்டேங்குது. நீங்க எழுதிட்டீங்க. இதையே அவனுக்கு அனுப்பிப்போடுங்க. சுரேந்தரு இருக்கட்டும், அழிக்காதீங்க. நீங்க பயந்ததும் அவனுக்குத் தெரியட்டும்."

9

ஆகவே இந்தப் பிரதி முதலில் போவது பத்திரிகைக்கு இல்லை. சிக்னல் எப்போது கிடைக்குமோ தெரியாத ஒரு தீவில் இருக்கும் இளங்கோவுக்கு. அவருக்குப் பிறகுதான் நீங்கள். நீங்கள் இதை வாசிக்கும் நேரத்தில் பன்னிரண்டாம் தேதி போயிருக்கலாம். முடிவு உங்களுக்குத் தெரிந்துகூட இருக்கலாம். எனக்கு, இந்த வரியை எழுதும் இந்த நாலாம் தேதி மதியம், தெரியாது.

இளங்கோ, முகம் பார்த்துப் பேசாத ஒருவன் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வலைகளையும் கரையில் போட்டு உலர விடுங்கள். பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். வலை வாயில் இருக்கும் வளையத்திலிருந்து நாலு விரல் தள்ளி, இடப்பக்கத் தையலைப் பாருங்கள். ஒன்றில் வெள்ளை நூல் மட்டும் இருக்கும். இன்னொன்றில் நகக்கண் நீளத்துக்குச் சிவப்பு நூல் இருக்கும். வெயிலில் வெளுத்திருக்கலாம், விரலால் தடவினால் தட்டுப்படும். அந்த வலை மேலேயா, கீழேயா? இந்தக் கதையின் முடிவு அந்த ஒரு வார்த்தை. அதை நான் எழுதக்கூடாது, உங்கள் அக்காவும் எழுத முடியாது. இரண்டாவது முடிவில் "அக்கா" என்று ஆரம்பித்து நான் முடிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. அதுவும் உங்களுடையது.

இங்கே முடித்துக்கொள்ளலாம் என்று சாரதாமணியிடம் போய்ப் படித்துக் காட்டினேன். எங்கள் கம்பெனியில் வேலை நேரத்தில் போனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பத்தொன்பது வருடத்தில் சாரதாமணி அதை ஒரு நாளும் மீறினதில்லை. ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்திவிட்டு, தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வரி போடுங்க" என்றார்.

"சொல்லுங்கக்கா."

"அக்கா மிஷின்லதான் இருக்கறேன், போனப் பொட்டில போடல, பக்கத்துலயே வெச்சிருக்கறேன்னு போடுங்க."